படிவத்தில் இறங்கிய அருள்

பச்சைமுத்து ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். தண்ணீர் வந்தது. இரண்டு வாளி பிடித்தான். பல் துலக்கினான். பூத்தில் அரை லிட்டர் பால் வாங்கி வந்து ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். அதற்குப் பிறகுதான் அன்று செவ்வாய் என்பதும், ஏதோ பண்டிகை விடுமுறை என்பதும் நினைவுக்கு வந்தன. போட்ட இஸ்திரி வீணாக வேண்டாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

தில்லி கிட்வாய் நகர் குடியிருப்பின் மற்ற வீடுகளில் காலை இவ்வளவு எளிதாக விடிவதில்லை. விழித்ததும் உள்ளங்கையைப் பார்ப்பது பழைய வழக்கம். உள்ளங்கையில் இருக்கும் போனைப் பார்ப்பது ஆறு மாதமாக வந்த வழக்கம். ஃபாலோயர் ஏறியிருந்தால் சாம்பிராணி. இறங்கியிருந்தால் எலுமிச்சம்பழம். வாசல் நிலையில் கட்டியிருந்த எலுமிச்சையும் மிளகாயும் இப்போது வைஃபை பெட்டியில் தொங்கின. வாசல் வழியாக வருவதற்கு யார் இருக்கிறார்கள்?

எல்லாம் ஜகந்நாதனின் அருள். ஜகந்நாதன் என்றால் யாருக்கும் தெரியாது. ரீச் குருஜி என்றால் தில்லியில் தமிழ் தெரிந்த அத்தனை பேருக்கும் தெரியும். முன்பு ஃபரீதாபாத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டி விற்றுக்கொண்டிருந்தவர். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கிறது என்று சொன்ன அதே வாய், இணையத்தில் கண்ணுக்குத் தெரியாத தோஷம் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கியது. முதலில் சொன்னதாவது உண்மை.

உங்கள் பதிவு யார் கண்ணிலும் படவில்லையா? அது அல்காரிதம் தோஷம். ராகு காலத்தில் ரீல் போட்டால் ராகு விழுங்கிவிடுவார். வடகிழக்கு பார்த்து உட்கார்ந்துதான் அப்லோடு செய்ய வேண்டும். பக்கத்தின் பெயரில் உள்ள எழுத்துகளைக் கூட்டினால் ஐந்து வரவேண்டும். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டு லைக் போடாமல் போனால் அது கண்ணேறு. கண்ணேறுக்குத் தனிக் கட்டணம்.

இட்லி மாவு அரைத்து விற்கும் உஷாராணி, குருஜியின் கணக்குப்படி தன் பக்கத்தை 'உஷ்ஷாராணி மாவ்வு' என்று மாற்றினாள். யாகம் முடிந்த ஒரு மணி நேரத்தில் அவளுக்குப் பதினாலாயிரம் ஃபாலோயர்கள். மாவு வாங்குகிற வீடுகள் மட்டும் அதே பதினொன்று. கேட்டால், ஆர்டர் எல்லாம் அடுத்த குருப்பெயர்ச்சிக்கு என்றாராம் குருஜி. மாவு அதுவரை புளிக்காமல் இருக்கவேண்டுமே என்று யாரும் கேட்கவில்லை.

இந்தக் கூத்து பச்சைமுத்துவின் வீட்டுக்குள் வரக் காரணம் பாலசுப்ரமணியம். லக்ஷ்மிபாய் நகர்க்காரர். ஓய்வு பெற்ற துணைச் செயலாளர். முப்பத்தைந்து வருடம் எந்தக் கோப்பையும் நம்பாமல் திருப்பி அனுப்பியவர். ஓய்வு பெற்றதும் எதைச் சொன்னாலும் நம்பினார். அத்தனை நம்பிக்கையையும் சேர்த்து வைத்திருந்தார் போல.

'சிந்து துணை' அறக்கட்டளைக்கு அவர் தலைவர். பச்சைமுத்து செயலாளர். சிந்து அவன் மனைவி. ஊரிலிருந்து சிகிச்சைக்காகத் தில்லியின் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, இந்தி தெரியாமல் வரிசையில் விழித்துக்கொண்டு நிற்கிறவர்களின் பக்கத்தில் போய் நிற்பாள். அவர்கள் சொல்வதை டாக்டருக்குச் சொல்வாள். டாக்டர் சொல்வதை அவர்களுக்குச் சொல்வாள். அவ்வளவுதான் சேவை. இரண்டு வருடத்துக்கு முன் டெங்குவில் போய்விட்டாள். வயது இருபத்தொன்பது. அவள் வேலையை இப்போது ஆறு பேர் செய்கிறார்கள். இன்னும் ஆறு பேர் வேண்டும். அவர்களைத் தேடத்தான் இணையத்தில் பக்கம். அதற்கு ஃபாலோயர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாலசுப்ரமணியம் போனும் கையுமாக வந்தார். சிந்துவின் தங்கை ஜ்யோத்ஸ்னாவும் அப்போது அங்கே இருந்தாள். நொய்டாவில் வேலை. தில்லியிலேயே பிறந்தவள்.

"கேளுங்க தம்பி. குருஜி மூணு நாள் தியானத்துல இருந்து சிந்துகிட்டயே பேசியிருக்காவ" என்றார்.

போனில் ஒரு பெண்குரல் வீணைக்கு நடுவே பேசியது. "நான் போகிறேன். என் நோயாளிகளை உங்கள் கரங்களில் ஒப்படைக்கிறேன். இச்சேவைக்கு அழிவில்லை. அன்பு கொண்டோர் இதைப் பதினோரு பேருக்குப் பகிரவும்." கீழே தங்க எழுத்தில்: சிந்துவின் கடைசி வார்த்தைகள்.

ஜ்யோத்ஸ்னாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அக்கா செத்ததுக்கு அப்புறம் இவ்ளோ சுத்தத் தமிழ் கத்துக்கிட்டாளா மாமா? கரங்கள்னா என்ன?"

"கை" என்றான் பச்சைமுத்து. பிறகு பாலசுப்ரமணியத்திடம், "அவ இதைச் சொல்லலை" என்றான்.

"நீங்க கேட்டிருக்க மாட்டிய."

"நான்தான் பக்கத்துல இருந்தேன்."

"பக்கத்துல இருந்தா ஆச்சா தம்பி? அது ஆவி சொன்னது. ஆவிக்குப் பக்கம் ஏது, தூரம் ஏது? நம்ம அறக்கட்டளைக் கமிட்டியில அஞ்சு பேர் சரின்னுட்டாவ. ஞாயித்துக்கிழமை யாகம். பதினொண்ணு இருவதுக்கு முகூர்த்தம். அப்பம் ரீலை விட்டுருவோம்."

பதினொன்று இருபதுக்குப் பிறகு சிந்து சொன்னது அதுதான் என்று ஆகிவிடும். அவள் உண்மையில் சொன்னது பச்சைமுத்துவுக்கு மட்டும் தெரியும். அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

"செயலாளர்தான் படிவத்தை நிரப்பணும்" என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டு அவர் போனார்.

பச்சைமுத்து படிவத்தைப் படித்தான். லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எட்டு வருடமாகப் படிவம் படிப்பதுதான் அவன் பிழைப்பு. அங்கே அவன் கற்றது ஒன்றே ஒன்று. அரசு மனிதனுக்கு எதுவும் செய்வதில்லை; படிவத்துக்குத்தான் செய்கிறது. எதிரே உயிரோடு நின்று கத்தினாலும், தாளில் இறந்திருந்தால் ஆள் இறந்தவன்தான்.

நிறுவனர் பெயர். நட்சத்திரம். வகை: வியாபாரமா, சேவையா, நினைவு அறக்கட்டளையா. பக்கத்தின் இணைய முகவரி.

"குருஜி போன்ல கை வெச்சா ஃபாலோயர் ஏறும். சரியா?"

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

"கைதான் போன் மேல இருக்கே. முகவரி எதுக்குக் கேக்கறாரு?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். "அருளைக் கூரியர்ல அனுப்பறாரோ என்னமோ."

"முகவரியை மாத்தி எழுதினா?"

ஜ்யோத்ஸ்னா அவனைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் அவன் ஒரு விஷயத்தைப் பற்றித் தானாகக் கேள்வி கேட்டது அதுதான் முதல்முறை. "அச்சா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. தில்லியில் பாராத் கர் என்பார்களே, அந்தச் சமுதாயக் கூடம். ஒன்பது மணிக்கே நிற்க இடமில்லை. பரதநாட்டிய டீச்சர், டியூஷன் மாஸ்டர், புடவை விற்கிறவர், ஊறுகாய் போடுகிறவர், கோயில் திருப்பணிக் கமிட்டி. கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கோயிலுக்குள் இருக்கிறவரால் ஆகாததை இவரிடம் கேட்க வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் தட்டு. தட்டில் தேங்காய், வெற்றிலை, போன், சார்ஜர். குருஜியின் விதிப்படி பாட்டரி நூறு இருக்க வேண்டும். குறைந்தால் அருள் நிற்காது.

வாசலில் ஒரு பட்டு விரிப்பு. அதன்மேல் குருஜி கழற்றிவிட்ட வெள்ளைத் தோல் செருப்பு. ஜ்யோத்ஸ்னா குனிந்து இடது செருப்பை மட்டும் படம் எடுத்தாள். மூன்று நிமிடத்தில் அதற்கு ஒரு பக்கம் தொடங்கினாள். பெயர்: இடது. ஃபாலோயர்: பூஜ்யம். பதிவு: அந்த ஒரு படம்.

பச்சைமுத்து படிவத்தை எடுத்தான். சிந்து, சுவாதி, நினைவு அறக்கட்டளை என்று உள்ளதை உள்ளபடி எழுதினான். முகவரிக் கட்டத்தில் மட்டும் செருப்பின் முகவரியை எழுதினான். மேஜையிலிருந்த சீடன் எதையும் படிக்காமல் வாங்கிக்கொண்டான். "ஜல்தி ஜல்தி, அடுத்த ஆளு." படிவக்கட்டோடு திரைச்சீலைக்குப் பின்னால் போனான்.

பதினொன்று இருபது. சிந்து துணைக்குத்தான் முதல் மரியாதை. அறக்கட்டளையின் போனைத் தட்டில் வைத்து, அதிலுள்ளதைப் பெரிய திரையில் காட்டினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு. குருஜி போனுக்குக் குங்குமம் வைத்தார். கற்பூரம் ஏற்றினார். உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடினார். கூட்டமும் கண்ணை மூடியது. இதெல்லாம் நன்றாக நடப்பதற்கு அது மிகவும் அவசியம்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

மந்திரம் வேகம் பிடித்தது.

முந்நூற்றுப் பதினொன்று. யாரோ ஒருவர் கழன்றுகொண்டார்.

குருஜி ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "இங்க நம்பிக்கையில்லாத ஒரு ஆத்மா இருக்கு. தடுக்குது. எனக்குத் தெரியுது."

கூட்டம் ஒருவரையொருவர் முறைத்தது.

"ஒண்ணும் தடுக்கலை குருஜி" என்று பச்சைமுத்து எழுந்தான். "அருள் இறங்கிடுச்சு. எங்கே இறங்குச்சுன்னுதான் பாக்கணும்."

ஜ்யோத்ஸ்னா தன் போனைத் திரையில் இணைத்தாள். ஆறடி உயரத்துக்கு ஒரு வெள்ளைச் செருப்பு. கீழே எண் ஓடிக்கொண்டிருந்தது. நாலாயிரம். ஆறாயிரத்து இருநூறு. ஒன்பதாயிரம்.

"காலைல எங்க மாமா படிவத்துல இந்த அட்ரஸைத்தான் எழுதினாரு. கை வெச்சது அந்த போன்ல, ஃபாலோயர் வந்தது செருப்புக்கு" என்றாள் ஜ்யோத்ஸ்னா. "அருளுக்குப் படிக்கத் தெரியும் போல."

செருப்புக்குக் கீழே பக்தர்கள் எழுதவும் தொடங்கியிருந்தார்கள். அவள் உரக்கப் படித்தாள். "சிந்து அம்மாவின் கடைசி வார்த்தைகள் கண்ணீரை வரவழைத்தன. ஓம் சாந்தி. சிந்து அம்மாவின் கடைசி வார்த்தைகள் நெஞ்சை உருக்கின. பதினோரு பேருக்குப் பகிர்ந்துவிட்டேன்."

"ரீலை இன்னும் விடவே இல்லியே" என்றார் பாலசுப்ரமணியம் மெதுவாக.

வெளியாகாத ரீலுக்கு, ஒரு செருப்பின் காலடியில், ஒன்பதாயிரம் பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் உங்களுக்குப் பக்தர்களைத் தெரியாது. குருஜி ஒரு நொடிதான் தடுமாறினார். பிறகு இரண்டு கையையும் தூக்கினார். "பாதுகை. என் பாதம் பட்ட பொருளுக்கே இத்தனை ஈர்ப்புன்னா, பாதத்துக்கு எவ்வளவுன்னு நெனச்சுப் பாருங்க."

கூட்டம் நினைத்துப் பார்த்தது. நினைக்கச் சொன்னால் மட்டும் இந்தக் கூட்டம் உடனே நினைத்துவிடும். திருப்பணிக் கமிட்டியில் இரண்டு பேர் வாசலுக்கு ஓடினார்கள். ஒருவர் இடது செருப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வலது?" என்றான் பச்சைமுத்து.

"என்ன?"

"வலது காலும் உங்க காலுதானே."

ஜ்யோத்ஸ்னா அதற்குள் வலது செருப்புக்கும் பக்கம் தொடங்கியிருந்தாள். திரையில் அது வந்தது. பூஜ்யம். "இதுக்குப் படிவம் கிடையாது குருஜி. அட்ரஸ் யாருக்கும் தெரியாது. கை மட்டும் வைங்க, அது போதும்."

குருஜி வைத்தார். வைக்காமல் என்ன செய்வார்? முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு. ஐந்து நிமிடம். கற்பூரம் அணைந்தது. பூஜ்யம். அத்தனை சக்தியும் இடது காலில் மட்டும் இருந்திருக்க வேண்டும்.

அப்போது உஷாராணி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இடது செருப்பின் பக்தர்கள் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"ஏனுங்க தம்பி, இந்த ராக்கி பிரின்ஸ் நாலாயிரத்து நானூத்தி எழுபத்தொண்ணு, இவன் எங்க மாவுப் பக்கத்துலயும் இருக்கறானுங்களே. இந்த ஏஞ்சல் பூஜாவும் இருக்கறா. வாரம் தவறாம 'டேஸ்டி'ன்னு போடுவாளுங்க."

"மாவு வாங்கியிருக்காங்களா?" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

"ஒரு கரண்டி வாங்கலைங்க."

"வாங்க வாயி வேணுமே ஆன்ட்டி. இதெல்லாம் ஆளே இல்ல. மொத்தமா விக்கற வெறும் பேரு. அந்தச் சீலைக்குப் பின்னாடி ஒருத்தர் உங்க அட்ரஸைப் போட்டு வாங்கிட்டிருந்தாரு."

உஷாராணி திரைச்சீலையை விலக்கினாள். சீடன் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. மேஜையில் படிவக்கட்டும் அறக்கட்டளையின் படிவமும் இருந்தன. அறக்கட்டளைப் படிவத்தின் தலையில் சிவப்பு மையில் சீடனின் குறிப்பு: ஒன்பதாயிரம், துக்கம், பெண்.

"எனக்குச் சந்தோஷம், மாவுன்னு எழுதியிருப்பானுங்களா?" என்று கேட்டுக்கொண்டே உஷாராணி தட்டிலிருந்த தேங்காயைக் கையில் எடுத்தாள். அதை அவள் எங்கே உடைப்பாள் என்று குருஜி ஊகித்திருக்க வேண்டும். அவருடைய ஞானதிருஷ்டி உண்மையாகவே வேலை செய்த நேரம் அது ஒன்றுதான். வெறுங்காலோடு பின்கதவு வழியாகப் போனவர், அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கிடைக்காத ரீச்சை அடைந்தார். எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை.

கூட்டம் தட்டுகளை எடுத்துக்கொண்டு கலைந்தது. கமிட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்தியில் அல்ல, செருப்பு மண்ணில். வாசலில் ஒருவர், குர்கானில் இன்னொரு சாமியார் இருப்பதாகவும், அவர் படிவமே கேட்பதில்லை என்றும், ஓ.டி.பி. சொன்னால் போதும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு பேர் அவரைச் சூழ்ந்து விலாசம் குறித்துக்கொண்டார்கள்.

பாலசுப்ரமணியம் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ரீலைத் தானே அழித்தார். அழித்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நெசமாவே சிந்து கடைசியா என்னதான் சொல்லிச்சு?"

ஜ்யோத்ஸ்னா திரும்பினாள். உஷாராணி தேங்காயைக் கீழே வைத்தாள். ஒரு பெரிய வாசகத்துக்கு மூன்று முகங்கள் தயாராயின.

"சாயங்காலம் ஆறு மணி" என்றான் பச்சைமுத்து. "வீட்டுக்குப் போயி மாத்துத்துணி எடுத்துட்டு வரக் கிளம்பினேன். திரும்பி வரப்ப அவளுக்கு நினைவு இல்லை. அதனால கிளம்பறப்ப சொன்னதுதான் கடைசி. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கற ஆட்டோக்காரங்களைப் பத்தி."

"ஆட்டோவா?"

"ஆமா."

பச்சைமுத்து ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"முத்து, அவன் சொல்றதைக் கேட்டுட்டு அப்படியே ஏறிடாத. மீட்டரைப் போடச் சொல்லு."