பெயர் சொல்லாத குளிசை

யோகலிங்கம் பெட்டியைப் பூட்டப்போன நேரம் பார்த்து முத்தலிப் வந்தான். கையில் ஒரு பார்சல். யாராவது அரபு நாட்டுக்குப் போகிறார் என்று தெரிந்தால், லிங்கநகரில் அவர் வீட்டுக்கு முதலில் வருவது வாழ்த்து அல்ல, பார்சல்தான்.

"மச்சான், இது எங்கட மாமிட மகனுக்கு. பனங்கட்டியும் ஒரு சாரமும். உனக்குப் பாரமில்லத்தானே," என்று பெட்டியைத் திறந்து தானே இடம் ஒதுக்கினான். ஒதுக்கிய கை பாதியில் நின்றது. "இது என்ன?"

பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலம். உள்ளே தொண்ணூறு வெள்ளைக் குளிசைகள்.

"நித்திரைக்கு. டொக்டர் தந்தது. மூண்டு மாசத்துக்கு."

"பேர்?"

"பேர் தெரியாது."

முத்தலிப் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அவன் யோகலிங்கத்தோடு ஒரே வகுப்பில் படித்தவன். இரண்டு வருடம் இவர் போகவிருந்த அரபு நாட்டில் சீமெந்து மூடை அடுக்கிவிட்டு, போன மாதம்தான் கசெற் போடும் ரேடியோவோடு திரும்பியிருந்தான். ஆகவே 1979ஆம் ஆண்டில் அந்த ஒழுங்கையில் அரபுச் சட்டத்துக்கு அவன்தான் நீதியரசர்.

"எங்கட காம்பில ஒரு கேரளாக்காரன் இருந்தான். சேட்டுப் பொக்கற்றில ரெண்டே ரெண்டு குளிசை. தலையிடிக்கு எண்டு சொன்னான். கேட்டாங்களோ? ஏழு வருசம்."

"ஏழு வருசம் மறியலில, கம்பிக்குள்ளயோ?"

"பின்ன, ஏழு வருசம் தலையிடியோ? அவன்ட குளிசைக்காவது பேர் இருந்திச்சு மச்சான்."

யோகலிங்கம் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளாக்கர். அதிர்ச்சியிலும் அவருக்கு எண்ணத்தான் வரும். இரண்டுக்கு ஏழு என்றால் தொண்ணூறுக்கு முந்நூற்றுப் பதினைந்து வருடம். அவருக்கு வயது முப்பத்தெட்டு.

குளிசையை விட்டுவிட்டுப் போகவும் ஏலாது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கிழமை நித்திரையில்லாமல் வேலைக்குப் போய், ஒரு பாதைப் படகு நிறைய வந்திறங்கிய கோதுமை மாவை 'வரவில்லை' என்று பதிந்தவர் அவர். அங்கேயும் எண்ணுகிற வேலைதான். பிழைவிட்டால் அடுத்த பிளேனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பின்வளவில் கூரையில்லாமல் நிற்கிற புது வீடு அப்படியே நிற்கும். இன்று திங்கள். பயணம் வெள்ளி.

"டொக்டரிட்டப் பேரைக் கேட்டு ஒரு கடிதமும் எடுங்கோ," என்றாள் மனைவி கமலாதேவி.

ஓர்ஸ் ஹில்லில் டொக்டர் தங்கரத்தினத்தின் டிஸ்பென்சரிக்கு ஒரு சட்டம் உண்டு. நோயாளி நோயைச் சொல்லலாம், மருந்தின் பெயரைக் கேட்கக்கூடாது.

"பேரோ? பேரைச் சொன்னா நாளைக்கு நீர் கடையில வாங்கிப் போடுவீர். நான் இஞ்ச இருந்து ஈ கலைக்கிறதோ?"

"ஐயா, மறியல் எண்டு சொல்லுகினம்."

"ஆறு வருசமா நித்திரை வருதோ இல்லையோ?"

"வருது ஐயா."

"எப்பிடி விழுங்கச் சொன்னனான்?"

"நாக்கில படாமல் தொண்டைக்குள்ள எறிஞ்சு, ஒரு செம்பு தண்ணி."

"அவ்வளவும் தெரிஞ்சாக் காணும்."

பின்னறையில் கம்பவுண்டர் இராசையா ஒரு பெரிய சாம்பல் நிறத் தகரத்துக்குள் கையை விட்டுக் குளிசை அள்ளிக்கொண்டிருந்தார். தகரத்தின் எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. இந்தப் பக்கம் தெரிந்தது ஒரு நங்கூரப் படம் மட்டும்.

யோகலிங்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். மருந்துத் தகரத்தில் நங்கூரம் எதற்கு? கப்பலில் வருகிற சாமான். துறைமுகத்தில் அவர் எண்ணாத, எந்தப் புத்தகத்திலும் பதியாத சாமான்.

டொக்டர் கடிதம் மட்டும் தந்தார். மூன்று வரி. மண்புழு மையில் விழுந்து எழும்பிப் போனதுபோல இருந்தது.

அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் முப்பது வருடமாகத் தட்டெழுத்து மெசினோடு இருக்கும் அருளம்பலம் அதைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"என்ன தம்பி எழுதியிருக்கு?"

"தெரியாது அண்ணை."

"எனக்கும் தெரியேல்ல. பரவாயில்லை, அடிப்பம்."

அடித்தார். பக்கத்துக் கட்டடத்தில் இருந்த சமாதான நீதவான் வாசிக்காமலே மூன்று இடத்தில் முத்திரை குத்தினார். பஸ் நிலையத்தில் நின்றபோதுதான் யோகலிங்கம் அந்த இங்கிலீஸைக் கூட்டி வாசித்தார். சாராம்சம் இது: மேற்படி யோகலிங்கம் மேற்படி குளிசைக்கு ஆறு வருடமாக அடிமைப்பட்டவர். அது இல்லாவிடில் தமக்கும் பிறருக்கும் ஆபத்தானவர். அவருக்குப் பசியால் வாடும் ஐந்து பிள்ளைகள் உண்டு.

யோகலிங்கத்துக்குப் பிள்ளையே இல்லை. திரும்பி ஓடினார்.

"அண்ணை, அடிமை எண்டு போட்டிருக்கிறியள்."

"இரக்கம் வரவேணுமெல்லோ தம்பி. இந்த வசனத்துக்குக் காணிக் கந்தோரில கண் கலங்காத ஆளில்லை."

பின்னேரம் முத்தலிப் அதை வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாக மடித்தான்.

"குற்றத்தை ஒத்துக்கொண்டு, மூண்டு முத்திரையும் குத்தி, நீயே கொண்டுபோய் அவங்கட கையில குடுக்கப்போறாய். அவங்களுக்கு வேல மிச்சம்."

யோகலிங்கம் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். குசினிக்குள்ளிருந்து கமலாதேவி வந்தாள்.

"இஞ்சேருங்கோ, வெளிநாட்டுக்குப் போறவை எல்லாரும் மாசிக் கருவாட்டுச் சம்பல் கொண்டு போகினம்தானே. குளிசையை இடிச்சு அதுக்குள்ள போட்டா ஆருக்குத் தெரியும்? ராவிலை ஒரு கரண்டி சாப்பிட்டுட்டுப் படுங்கோ."

பத்து வருடத் தாம்பத்தியத்தில் மனைவிக்குள் இப்படி ஒரு கடத்தல்காரி இருப்பது யோகலிங்கத்துக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை முப்பது குளிசை உரலுக்குள் போனது. மாசி, செத்தல் மிளகாய், வெங்காயம் எல்லாம் சேர்ந்து ஒழுங்கை முழுக்க மணத்தது. யோகலிங்கம் விரல்நுனியில் தொட்டு வாயில் வைத்தார். முகம் கோணியது.

"உப்புக் கரிக்குது."

"உப்போ? நான் ஒரு கல்லும் போடேல்லை. மாசியில இருக்கிறது காணும் எண்டு விட்டனான்."

"வாயில வைக்க ஏலாது எண்டுறன்."

"என்ர சமையலுக்குக் குறை சொல்லாட்டி உங்களுக்குச் செமிக்காது."

சத்தம் கேட்டு வந்த முத்தலிப் நடுவனாக ஒரு கிள்ளு எடுத்தான். யன்னலால் எட்டித் துப்பினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"தங்கச்சி உண்மையா உப்புப் போடல்லையா?"

"சத்தியமா இல்லை அண்ணை."

"அப்ப சரி. மச்சான், இது நாக்கைப் பிடிக்கிற சாமான். இல்லாத உப்பை இருக்கிறமாதிரிக் காட்டுது. காம்பிலயும் இப்பிடித்தான் கதைச்சாங்க."

கமலாதேவியும் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "ஐயோ, எனக்கும் உப்புத் தெரியுது."

மூவரும் மூன்று கதிரையில் இருந்து, ஒருவர் முழியை மற்றவர் பார்த்தபடி, மயக்கம் வருமென்று காத்திருந்தார்கள். தாகம்தான் வந்தது.

"அதுவும் சொன்னாங்க," என்றான் முத்தலிப், மூன்றாவது கோப்பைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு. "முதல் தாகம்தானாம்."

யோகலிங்கம் சம்பலைப் பின்வளவுத் தென்னையடியில் புதைத்தார். ஆறு வருடம் இதையா தினமும் விழுங்கினோம் என்று நினைத்து, மேலே இன்னும் இரண்டு கூடை மண் போட்டு மிதித்தார். கமலாதேவி அந்த வேகத்தைப் பார்த்து, அதுவும் குளிசையால்தான் என்றாள். குளிசை இல்லாவிட்டால் நித்திரை இல்லை. குளிசையோடு போனால் முந்நூற்றுப் பதினைந்து வருடம். யோசித்துக்கொண்டே புதன்கிழமையும் போனது.

வியாழன் காலை, அரபுக் கொம்பனி ஆளின் முன்னால் ஒரு துண்டில் கையெழுத்து வைத்து, அவர் வேலையை விட்டுக்கொடுத்தார். கூட வேலைசெய்யும் ஆனந்தராசா, யாராவது விலகினால் போவதற்கென்று பாஸ்போட்டும் கையுமாக மூன்று மாதமாகக் காத்திருந்தவன்.

"ஏன் யோகண்ணை, இப்பிடிப்பட்ட சான்ஸை ஆரும் விடுவினமோ?"

"உடம்புக்கு ஏலாது தம்பி. வெளியில சொல்லாத வருத்தம்."

ஆனந்தராசாவின் கண்ணில் இரக்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன; சந்தோசம்தான் கொஞ்சம் முன்னுக்கு நின்றது. யோகலிங்கம் வீடு திரும்பியபோது, முத்தலிப் பெட்டிக்குள்ளிருந்த பார்சலை எடுத்துக்கொண்டு ஆனந்தராசா வீட்டுக்குப் புறப்பட்டிருந்தான்.

மிஞ்சியது அறுபது குளிசை. ஒரு கள்ளச் சரக்கை வீட்டில் வைத்திருக்க அவருக்கு மனமில்லை. பின்னேரம் உள்துறைமுகத்து இறங்குதுறையின் நுனிக்குப் போய், ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போட்டார். பழக்கதோசத்தில் எண்ணினார். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றோடும் புது வீட்டின் ஓடு ஒன்று தாழ்வதுபோல இருந்தது.

"என்ன தம்பி, நாளைக்கெல்லோ பயணம்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். தூண்டில் நூலும் கையுமாகக் கம்பவுண்டர் இராசையா.

"போகேல்லை அண்ணை. விட்டுக்குடுத்திட்டன்." யோகலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். "நீங்கள் ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அந்தத் தகரத்தில என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும்."

"தெரியுமோ?" இராசையா கிட்ட வந்து, அவர் உள்ளங்கையில் மிஞ்சியிருந்த பதினெட்டுக் குளிசையையும் பார்த்தார். "வெள்ளைக்கார நேவி போகேக்க ஏலத்தில எடுத்த தகரம். வெயிலில வேர்க்கிற மாலுமியளுக்குக் குடுக்கிறது. டொக்டர் உங்களுக்குச் சொல்லமாட்டார் எண்டெல்லோ நினைச்சனான்."

தூண்டில் நூலைச் சுண்டிப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார்:

"தெரிஞ்சுகொண்டும் ஏன் தம்பி கடலுக்கு உப்புப் போடுறியள்?"