கொடுங்கோலன் ஆன கதை

என் ஐஸ் ஹாக்கிப் பையை வீட்டைவிட்டு வெளியேற்றுவது என்று என் மனைவி லேசியா முடிவு செய்தபோது, நான் அந்தப் பையின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

"எழுந்திரு ஒரெஸ்ட். அதுக்கு வேற இடம் பாத்தாச்சு."

"எங்க?"

"கொல்லைக் கொட்டகையில."

"வெளிய மைனஸ் முப்பத்தஞ்சு."

"நல்லதாப் போச்சு. அந்தக் குளிர்ல எந்தக் கிருமியும் பிழைக்காது."

"நான் பிழைக்கணுமே."

"நீ கொட்டகைக்குப் போக வேண்டாம். பைதான் போகுது. இப்போதைக்கு."

அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பையைப் பற்றி நியாயமாகப் பேசவேண்டும். அது நாறும். முழங்கால் கவசம், தோள் கவசம், கையுறை, பனியில் சறுக்கும் ஸ்கேட் பூட்ஸ் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இருபது வருட வியர்வையும் இருக்கிறது. பேஸ்மென்டில் ஹீட்டர் பக்கத்தில் வைத்தால்தான் காயும். காயும்போது அந்த வாசனை படியேறி, சமையலறையைக் கடந்து, மாடிப் படுக்கையறைக்குள் வந்து எங்கள் நடுவில் படுத்துக்கொள்ளும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கொட்டகை? எங்கள் மனிடோபா மாகாணத்தில் ஜனவரி மாதத்தில் வெளியே வைத்த ஈரக் கவசம் தகரமாகிவிடும். மற்றதையெல்லாம்கூடத் தட்டி நிமிர்த்திப் போட்டுக்கொள்ளலாம். ஓர் ஆண்பிள்ளை முதன்முதலில் மாட்டிக்கொள்ள வேண்டிய பாதுகாப்புக் கிண்ணம் ஒன்று உண்டு. அதை எங்கே மாட்டுவார்கள் என்று விளக்கப் போவதில்லை. அது பனிக்கட்டியாகி இருந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். நான் ஐம்பத்தாறு வயதில் யோசித்தேன். அன்று முழுக்க வேறெதுவும் யோசிக்க முடியவில்லை.

கெஞ்சினேன். வாதாடினேன். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"மூணு அடி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஐஸ் ரிங்க்ல. நான் கோல்ல நிக்கறேன். நீ தனியா வந்து அடி. ஒண்ணு உள்ள போனாலும் போதும், சாகற வரைக்கும் ஹீட்டர் பக்கத்துலயே இருக்கலாம்."

"யார் சாகற வரைக்கும்?"

"பை."

ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் பயம் வந்தது. லேசியா எங்கள் ஊர்ப் பெண்கள் அணியின் கோல்கீப்பர். பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். தலைக்கு மேலிருக்கும் அந்த நீளக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தே, பின்னால் எந்தப் பையன் எவன் தொப்பியைப் பறிக்கப் போகிறான் என்று கண்டுபிடித்துவிடுவாள். பறிப்பதற்கு முன்பே அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கோலில் நிற்கும்போதும் அதே கண்தான். நான் எந்தப் பக்கம் அடிக்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே ஆயுதத்தை மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஆட்டத்தில் கையில் பிடிப்பதும் கோல், போட வேண்டியதும் கோல். இரண்டுக்கும் நடுவில் நிற்பவள்தான் மனைவி. என்னிடம் இருந்தது பழைய மட்டை. அதன் பாதம், அதாவது பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையைத் தொடும் பகுதி, ஏறக்குறைய நேராக இருக்கும். ராஜாக்கள் பாஷையில் சொன்னால் செங்கோல். இந்தக் காலத்துப் பையன்கள் யாரும் அப்படி வைத்துக்கொள்வதில்லை. பாதத்தை வாழைப்பழம்போல வளைத்து வைத்திருக்கிறார்கள். குழிந்த பக்கத்தால் அடித்தால் வில்லை சீறிக்கொண்டு மேலே எழும்பும்.

ஸ்கேட்டிலும் இதே விவகாரம் உண்டு. அடியிலுள்ள கத்தி நேராக இருப்பதுபோல் தெரியும்; உண்மையில் ஆடும் நாற்காலியின் அடிக்கட்டைபோல லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவைத் தட்டையாக வைத்தால் நிதானமாக நிற்கலாம், நேராக ஓடலாம். குறுக்கி உருட்டித் தீட்டினால் நின்ற இடத்தில் பம்பரம்போலத் திரும்பலாம். என்னுடையது தட்டை.

மட்டைப் படங்கள் போட்ட புத்தகம் ஒன்றைச் சமையலறை மேசையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். லேசியா முட்டைக்கோஸ் இலையில் சோறும் கறியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"லேசியா, ஒரு சந்தேகம். பொதுவாத்தான் கேக்கறேன்."

"நேரான மட்டையே போதும்."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"அரை மணி நேரமா அந்த ஒரே பக்கத்தைப் பாத்துப் பெருமூச்சு விடறே. அதுல பொம்பளை படம் எதுவும் இல்ல, எட்டிப் பாத்துட்டேன். அப்ப மட்டைதான்."

"வளைஞ்சது வாங்கினா என்ன?"

"உன் புறங்கை அடி போயிடும். வளைஞ்ச மட்டைக்குப் பின்பக்கம் முட்டையாட்டம் இருக்கும், வில்லை நிக்காது. இத்தனை வருஷத்துல எனக்குப் பிடிபடாதது அந்த ஒரு அடிதான்."

"அப்ப ஸ்கேட்டு?"

"கத்தியைத் தொடாதே. தட்டையா இருந்தாத்தான் நீ நிப்பே. இல்லேன்னா விழுவே."

சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இங்கே என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். நான் பயிர்க் காப்பீட்டு ஆய்வாளர். ஆலங்கட்டி மழையில் பயிர் போச்சு என்று விவசாயி சொன்னால், ஆலங்கட்டிதானா, இல்லை மருந்தடிக்க மறந்துபோனதா என்று குனிந்து பார்ப்பவன். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம். முப்பது வருடமாக, யார் எதைச் சொன்னாலும் 'இதைச் சொல்வதால் இவருக்கு என்ன லாபம்' என்றுதான் முதலில் கேட்டுக்கொள்வேன்.

கேட்டுக்கொண்டேன். எதிரிக்கு எந்தக் கோல்கீப்பராவது நல்ல யோசனை சொல்வாளா? தனக்குப் பிடிபடாத அடி எது என்று அவளே காட்டிக்கொடுப்பாளா? மாட்டாள். அப்படியானால் நேரான மட்டை ஒரு பொறி. வளைந்ததுதான் சரி.

மறுநாள், எஞ்சின் உறையாமலிருக்க இரவெல்லாம் மின்சாரத்தில் செருகி வைத்த காரின் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு, கிடங்கில் சூடேறிக் கெட்டுப்போன கனோலா எண்ணெய் வித்தைப் பார்க்கப் போனேன். வழி நெடுக வெள்ளை நிலம். யோசிப்பதற்கு இதைவிட ஆபத்தான ஊர் கிடையாது. பத்து மைல் போனதும் புத்தியில் ஒரு வெளிச்சம். நான் சந்தேகப்படுவேன் என்பது அவளுக்குத் தெரியாதா? முப்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள். நான் அவள் பேச்சுக்கு எதிராகத்தான் செய்வேன் என்று தெரிந்தே 'நேரானது' என்றிருக்கிறாள். ஆகவே நேரானதுதான் சரி. மனம் லேசானது. இன்னும் ஐந்து மைல் போனேன். நான் இவ்வளவு தூரம் யோசிப்பேன் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்குமே. ஆகவே வளைந்ததுதான் சரி. வண்டியை ஓரம் கட்டினேன். மனைவியைப் பற்றி இப்படி யோசிக்கும் நான் என்ன மனிதன் என்றும் ஒரு கேள்வி வந்தது. ஜன்னலெல்லாம் என் மூச்சிலேயே உறைந்துபோயிருந்ததால் பதில் எதுவும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் லாயிட் கடைக்குள் நுழைந்தேன். ஊரில் இருப்பதே அந்த ஒரு விளையாட்டுக் கடைதான். லாயிட் எங்கள் கிழவர் அணியில் தடுப்பாட்டக்காரன். ஆட்டத்தில் எதையும் தடுத்ததில்லை. கடையிலும் அப்படித்தான்.

"வாய்யா ஒரெஸ்ட். மட்டைதானே? பாரு, இது நுனி வளைவு. இது நடு வளைவு. இது இருக்கே, இது அகப்பை. இதுல சூப்பே குடிக்கலாம்."

"எனக்கு எது சரியா வரும்?"

லாயிட் தலையைச் சொறிந்தான். "நேத்து லேசியா வந்திருந்தா. நீ வந்தா, பழைய நேரான மட்டையே போதும், கத்தியை மாத்தாதேன்னு சொல்லச் சொன்னா."

ஒரு பொய்யைத் தானே சொன்னால் போதாது என்று ஆள் வைத்தும் சொல்கிறாள். என் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: தேவைக்கு மேல் சாட்சி கொண்டுவருகிறவன் திருடன்.

"லாயிட், அந்த அகப்பையைக் குடு."

"அவ சொன்னாளேய்யா."

"அதனாலதான்."

"கத்தி?"

"எவ்வளவு குறுக்கித் தீட்ட முடியுமோ தீட்டு."

"விழுவேய்யா."

"அதையும் அவதான் சொல்லச் சொன்னாளா?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

எனக்கு எல்லாம் தெரியும் என்பதுபோலச் சிரித்தேன். லாயிட் தோளைக் குலுக்கிவிட்டு ஸ்கேட்டைச் சாணையில் வைத்தான். தீப்பொறி பறந்தது. கொடுங்கோல் என்றால் வளைந்த கோல் என்றுதான் அர்த்தம். அன்று மாலை நான் கையில் கொடுங்கோலோடு வீடு திரும்பினேன். லேசியா மட்டையைப் பார்த்தாள். பாதத்தை விரலால் தடவினாள்.

"இதையா வாங்கினே?"

"இதைத்தான்."

"ஒரெஸ்ட், நான் வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னே."

"இப்பவும் சொல்றேன். திருப்பிக் குடுத்துட்டு வந்துடு."

அவள் குரலில் உண்மையான கவலை இருந்தது. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அன்று இரவு, அவள் முந்தின நாள் சுருட்டி வைத்த முட்டைக்கோஸ் சுருளில் ஏழோ எட்டோ சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாதி ஊர் அப்படியே ரிங்க்குக்கு வந்துவிட்டது. பாதிரியாரும் கையில் காபியோடு நின்றார். லேசியா கோலில் போய் நின்று, இரண்டு கம்பத்தையும் மட்டையால் ஒரு தட்டு தட்டி, முகமூடியை இறக்கினாள்.

முதல் அடி. நடுக் கோட்டிலிருந்து வில்லையைத் தள்ளிக்கொண்டு போய், சரியான இடத்தில், முழுப் பலத்தோடு அடித்தேன். வில்லை எழுந்தது. அவள் தோளுக்கு மேல் எழுந்தது. கோலுக்கு மேல் எழுந்தது. தடுப்புக் கண்ணாடிக்கும் மேல் எழுந்து உருளைக்கிழங்கு வறுக்கும் இடத்துக்குப் போனது. அங்கே ஏதோ உடையும் சத்தம் கேட்டது.

லேசியா முகமூடியைத் தூக்கினாள். "அங்க யாருக்காவது அடி பட்டுதா?"

"கெச்சப் பாட்டில் மட்டும்தான்" என்று யாரோ பதில் சொன்னார்கள்.

இரண்டாவது அடி. இடப்பக்கம் போவதுபோலக் காட்டி வலப்பக்கம் திரும்புவது என் திட்டம். இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தேன். கத்திக்கு அதுவே போதுமாக இருந்தது. நான் நினைத்து முடிப்பதற்குள் அது திரும்பி முடித்திருந்தது. அப்புறமும் திரும்பியது. பாதிரியாரை இரண்டு முறை பார்த்தேன். கடைசியில் உட்கார்ந்த நிலையில், முதுகைக் காட்டிக்கொண்டு, லேசியாவைத் தாண்டி வலைக்குள் போய்ச் சேர்ந்தேன். வில்லை வெளியே நின்றுவிட்டது.

"கோல்தானே அது?" என்றேன் வலைக்குள்ளிருந்து.

"நீ உள்ள போனாக் கணக்கில்ல, ஒரெஸ்ட்."

மூன்றாவது அடி. இனி அவசரம் கிடையாது. மெதுவாகப் போனேன். குழந்தை நடக்கப் பழகுவதுபோல ஒவ்வோர் அடியாக வைத்தேன். அடிப்பதுபோலப் பாவனை செய்தேன். நம்ப மாட்டீர்கள், அவள் ஏமாந்துவிட்டாள். அந்த பஸ் கண்ணாடிக் கண் முதல்முறையாகத் தப்பாகப் பார்த்தது. ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தாள். எனக்கு முன்னால் கோல் முழுக்கத் திறந்து கிடந்தது. ஒரு மாட்டையே உள்ளே ஓட்டிப் போகலாம். வில்லை என் மட்டையின் புறங்கைப் பக்கம் இருந்தது. புறங்கையால் மெல்லத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். பழைய மட்டையில் இதைத் தூக்கத்தில்கூடச் செய்திருக்கிறேன்.

தள்ளினேன். மட்டையின் புடைத்த முதுகில் வில்லை வழுக்கியது. அவித்த முட்டை மேல் வைத்த பட்டாணிபோல உருண்டது. கம்பத்துக்கு ஒரு கை தூரத்தில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல், மூலைக்குப் போனது. பனித்தரையில் படுத்தபடியே லேசியா அது போவதைத் தலை திருப்பிப் பார்த்தாள்.

யாரும் கைதட்டவில்லை. என் மேல் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

மாலையில் பையை ஆளுக்கு ஒரு கைப்பிடியாகத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தோம். காலடியில் பனி கறுக் கறுக்கென்றது. பையை உள்ளே புல்வெட்டும் எந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தோம்.

"லேசியா, மட்டையைப் பத்தி நீ சொன்னதெல்லாம்?"

"உண்மை."

"கத்தி?"

"உண்மை."

"லாயிட்கிட்ட சொல்லிவிட்டது?"

"அதுவும்தான்."

"பழைய மட்டையோட வந்திருந்தா?"

"மூணாவது உள்ள போயிருக்கும். உன் பை இந்நேரம் ஹீட்டர் பக்கத்துல இருந்திருக்கும்."

"அப்புறம் எந்த தைரியத்துல எங்கிட்ட உண்மையைச் சொன்னே?"

அவள் கொட்டகைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கையுறையைத் தட்டிக்கொண்டாள்.

"பொய் சொன்னா நீதான் கண்டுபிடிச்சிடுவியேப்பா."