கனுவன்று அக்கா வராத காடு

திருப்பதி,
தை மூன்றாம் நாள், 1961

திருத்தணி வெங்கடரமணன் அத்திம்பேருக்கு ஸௌரிராஜன் தண்டம் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் க்ஷேமம் என்று தொடங்குவதுதான் முறை. பொய் எழுதிப் பழக்கமில்லை. அவ்விடத்து க்ஷேமத்தைப் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும்.

நேற்றுக் கனுவுக்கு நானும் பூமாவும் வழக்கம்போல் புத்தூருக்கு அப்பாலுள்ள காட்டுக்குப் போனோம். ஜமீன் ராஜாக்கள் வேட்டையாடி, வெள்ளைக்காரன் வேலி போட்டு, இப்போது ஆந்திர சர்க்கார் பலகை நட்டிருக்கும் அதே காடு. வருஷாவருஷம் நீங்கள் அங்கிருந்தும் நாங்கள் இங்கிருந்தும் வந்து, அக்கா ஓடைக்கரையில் மஞ்சள் இலை பரப்பி உடன்பிறந்தவன் நன்றாயிருக்கக் காக்கைக்குச் சோறு உருட்டிக் கனுப்பிடி வைப்பாளே, அந்த இடம்தான். போன பங்குனியில் உங்கள் ஊர் மதராஸோடு சேர்ந்தது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. எல்லைக்காகக் கொடி பிடித்துத் தொண்டை கட்டியவன் நான். பல்வலி என்று படுத்துக் கிடந்தவர் நீங்கள். மதராஸ் கிடைத்தது உங்களுக்கு! அதோடு விட்டீர்களா? "ஸௌரி, இனிமே எங்காத்துக்கு வரணும்னா பாஸ்போர்ட் எடுத்துண்டு வாடா" என்று பந்தியில் எல்லோர் முன்னிலும் சிரித்தீர்கள். உங்கள் வாசற்படி மிதிப்பதில்லை என்று இலையை விட்டு எழுந்தேன். காடு உங்கள் வாசற்படி இல்லையே, அக்காவை அனுப்புவீர்கள் என்றிருந்தேன்.

காட்டு வாயிலில் புதுக் காக்கிச்சட்டைக் காவலன் பழனி "எக்கடிக்கி?" என்றான். தெலுங்கு எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காக அதில் பதில் சொல்லிவிடுவதா? எங்கே போகிறோம் என்பதை இங்கிலீஷில் சொன்னேன். அவன் பூமாவிடம் திரும்பி, "இன்னாம்மா, நானும் நாகலாபுரத்துத் தமிழந்தான். சட்டைக்காகத் தெலுங்கு பேசிக்கினு கீறேன். இவரு யாருக்கோசரம் இங்கிலீஷ் பேசுறாரு?" என்றான். பூமா சிரித்தாள். உள்ளே போனால் புளியோதரைத் தூக்கைக் குரங்கு கொண்டுபோயிற்று. தயிர்சாதத்தை நான் காத்துக்கொண்டிருந்தபோது என் செருப்பைக் கொண்டுபோயிற்று.

உச்சிவெயில் வந்தது. அக்கா வரவில்லை. பூமா தன் தம்பிகளுக்குப் பிடி வைத்து முடித்து, "உங்களுக்கும் நானே வெச்சுடட்டுமா?" என்றாள். பெண்டாட்டி வைத்தால் நான் அவளுக்கு என்ன முறை ஆவேன்? கத்தினேன். அத்திம்பேர்தான் அக்காவைத் தடுத்துவிட்டார் என்றேன்.

"அவரை ஏன் வையறேள்? போன வருஷமே அக்கா மேட்டுல ஏற முடியாம மூணு எடத்துல உக்காந்தா. காலெல்லாம் வீக்கம். நீங்க முன்னாடி ராஜ்யம் பிரிச்சுண்டே போயிண்டிருந்தேள், திரும்பிப் பாக்கலை."

அதற்குமேல் தயிர்சாதமும் இறங்கவில்லை. எப்படியானாலும் ஒரு கார்டு போட்டிருக்கலாம் நீங்கள். போடவில்லை. ஆகவே இந்த ஜன்மத்தில் நமக்குள் போக்குவரத்து இல்லை என்பதை இதனால் தெரிவித்துக்கொள்கிறேன். அக்காவுக்கு என் சாஷ்டாங்க நமஸ்காரம். உங்களுக்கு, வயதுக்குரிய மரியாதை.

இப்படிக்கு,
ஸௌரிராஜன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கவில்லை. காலை வண்டியில் நானே கொண்டுவருகிறேன். கதவைத் திறப்பது நீங்களானால் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியிலேயே திரும்புவேன். அக்கா எழுந்து வந்து திறந்தாளானால், அங்கேயே கிழித்துப் போட்டுவிடுகிறேன்.