பஞ்சாமிர்தம் பூசிய முகம்

வறண்ட சருமக்காரர்களுக்கு இந்த உலகத்தில் இலவசமாகக் கிடைப்பது அறிவுரை ஒன்றுதான். களிம்புக்கு விலை உண்டு. அதுவும் தொட்டால் சிவக்கிற சருமம் என்றால் கேட்கவே வேண்டாம், கடைக்காரர் முகம் மலர்ந்துவிடும்.

எனக்கு அப்படியொரு முகம். திண்டுக்கல்லில் தை மாதக் காற்று அடிக்க ஆரம்பித்தால் கன்னம் வெள்ளை வெள்ளையாக உரியும். போதாததற்கு எங்கள் தெரு போர்வெல் தண்ணீர். (அதில் முகம் கழுவினால் ஊறுகாய்க்கு உப்புத் தடவிய மாதிரிதான்.) கற்றாழை தடவினேன், அரித்தது. கடலை மாவு போட்டேன், எரிந்தது. தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்புக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் அந்தச் சுண்டுவிரல் குழாயின் விலையைக் கேட்ட அம்மா, "இதுக்கு ஒரு மூக்குத்தியே வாங்கிப் போட்றலாமேடி" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

இந்த முகத்தோடு இருக்கும்போதுதான், ஒரு கான்வென்ட் பள்ளியில் டீச்சர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்க வரச் சொன்னார்கள். அதற்கு முன் போன பள்ளிகளிலெல்லாம் 'சொல்லி அனுப்புறோம்' என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டிருந்தார்கள். இதுவும் கைவிட்டுப் போனால் எரியோட்டில் சித்தப்பாவின் உரக்கடையில் உட்கார வேண்டியதுதான். எனக்கு உள்ளுக்குள் நிஜமாகவே பயம்.

வகுப்புக்கு முதல்நாள் சாயங்காலம் செல்போனில் ஒரு பெண்மணி பளபளவென்று வந்து, "வாழைப்பழம், தேன், நெய் கலந்து பூசுங்கள், சருமம் பட்டாகிவிடும்" என்றார். எங்கள் வீட்டில் அன்றைக்கு மூன்றுமே இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு முருகேஸ்வரி அக்கா பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டு, கொப்புளம் கட்டிய காலோடு வந்து ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்தார். (நாங்கள் வேதக்காரர்கள். ஆனால் எங்கள் ஊரில் பஞ்சாமிர்தத்துக்கு மதம் பார்க்கிற நாக்கு இன்னும் பிறக்கவில்லை.)

ஒரு வாய் போட்டதும் எனக்கு ஞானோதயம். வாழைப்பழம், தேன், நெய் மூன்றும் இதற்குள்ளேயே இருக்கிறதே! பேரீச்சம்பழமும் கற்கண்டும் வேறு கூடுதல்.

மறுநாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு முகம் முழுக்க அப்பினேன். கற்கண்டு கன்னத்தைக் கீறியது. ஏலக்காய் எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மா அலறிவிட்டார்.

"அடிப் பாவி! சாமி பிரசாதத்தையாடி மூஞ்சில பூசியிருக்க? முருகேஸ்வரி பாத்தா என்ன நெனப்பா? கழுவுடி, பஸ்ஸு போயிரும்!"

போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, நெய்யும் போகவில்லை. சிவந்த முகத்தில் பவுடரை அடித்துக்கொண்டு ஓடினேன்.

மூன்றாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை சிஸ்டர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கொடுத்த பாடம், ஈக்களால் பரவும் நோய்கள். (ஆண்டவர் சோதிப்பார் என்பது இதைத்தான் போலிருக்கிறது.)

"இனிப்புப் பண்டத்தைத் திறந்து வைத்தால் ஈ மொய்க்கும்" என்று நான் சொல்லி முடிக்கவும், ஒரு ஈ என் மூக்கில் வந்து உட்காரவும் சரியாக இருந்தது. விரட்டினேன். அது போய்ச் சொந்தபந்தங்களைக் கூட்டி வந்தது. பலகைப் பக்கம் திரும்பினால் பிடரியில், பிள்ளைகள் பக்கம் திரும்பினால் கன்னத்தில். ஒரு கையால் பாடம் நடத்திக்கொண்டு மறு கையால் விசிறிக்கொண்டிருந்தேன்.

"அப்போ பலகாரத்தை நாம என்ன செய்யணும்?"

"மூடி வைக்கணும் மிஸ்" என்றாள் முதல் பெஞ்சு ரெட்டைச்சடை. என்னைச் செத்த நேரம் பார்த்தாள். "ஒங்களயும் மூடி வைக்கணுமா மிஸ்?"

"ஏய், மிஸ்ஸு காதுல பேரீச்சம்பழம்!" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "ஆமா, பஞ்சாமிர்த வாசம் வருது!" வகுப்பு முழுக்க மூக்கை உறிஞ்சியது. உரக்கடை என் கண்முன் வந்து போனது.

சிஸ்டர் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போனார். "மூஞ்சில என்னம்மா போட்ட?" அழுதுகொண்டே நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோபம் என்றுதான் நினைத்தேன். திரும்பியபோது கண்ணில் தண்ணீர், சிரித்துச் சிரித்து. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாதாரண வெள்ளைக் களிம்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

"எனக்கும் இதே தோலுதான். மெடிக்கல்ல கேளு, வெல கம்மிதான். குளிச்சு ஈரம் காயுறதுக்குள்ள தடவு. திங்கக்கெழம வேலைக்கு வந்துரு. இந்தப் பாடத்த இதுங்க சாகுற வரைக்கும் மறக்காதுங்க."

வேலை கிடைத்தது, தோலும் அடங்கியது. ஆனால் அம்மாவின் வாய் அடங்கவில்லை. அன்றைக்கே முருகேஸ்வரி அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டார். அந்தக் கொப்புளக் காலோடு சுமந்து வந்த பிரசாதம் ஆயிற்றே, எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வாய்க்குக் குடுத்தத மூஞ்சில பூசுனா முருகன் என்ன செய்வாரு? ஈயத்தான் அனுப்புவாரு."

அதோடு விட்டாரா? எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும், தைப்பூசம் முடிந்தால் இரண்டு டப்பாக்களோடு வந்துவிடுகிறார். இரண்டையும் என் கணவர் கையில்தான் கொடுப்பார்.

"இது நீங்க சாப்புட தம்பி. இது ஒங்க வீட்டுக்காரி பூச."