தீப்பெட்டி மைக்ராஸ்கோப்பின் உத்காடனம்

சின்னதைப் பெரிதாக்கிக் காட்டுவது மைக்ராஸ்கோப். அதையே பந்தல் போட்டு, பொன்னாடை போர்த்தி, பத்திரிகைக்காரர்களுக்கு டிபன் கொடுத்துச் செய்வது நிர்வாகம். இந்த இரண்டாவது கலையில் திருவனந்தபுரத்து 'உயிரணு நுண்காட்சி மைய'த்துக்கு ஈடாகப் பூவுலகில் வேறொன்று இல்லை என்று அதன் இயக்குநர் ஸ்ரீகண்டனே பலமுறை அடக்கத்துடன் சொல்லியிருக்கிறார்.

அங்கே ஆராய்ச்சி மாணவி ராஜஸ்ரீ, தீப்பெட்டி அளவில் ஒரு மைக்ராஸ்கோப் செய்திருந்தாள். இன்குபேட்டர் என்கிற சூட்டுப் பெட்டிக்குள்ளேயே அது குடியிருக்கும். அதன்மேல் ஒரு கண்ணாடிச் சில்லு. சில்லுக்குள் மயிரிழைக் கால்வாய்கள். கால்வாய்களில் உயிருள்ள செல்கள். அவை வாழ்வதை வெளியே திரையில் பார்த்துக்கொள்ளலாம். பெட்டிக் கதவைத் தொடவே வேண்டாம் என்பதுதான் கருவியின் மகத்துவம். ஆகவே, கதவைத் திறந்து உத்காடனம், அதாவது திறப்பு விழா, எடுப்பதென்று 'உயர்மட்டக் கூட்டம்' ஏகமனதாகத் தீர்மானித்தது.

ஞாயிறு வரை செல்கள் பிழைத்திருந்தால் ராஜஸ்ரீக்கு முனைவர் பட்டம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு உதவித்தொகை நின்றுவிடும். வீட்டில் உட்கார்ந்து வங்கிப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியதுதான்.

"சார், கதவைத் திறக்கப்படாது. சூடும் காத்தும் மாறித்துன்னா எல்லாம் செத்துடும்," என்று கெஞ்சினாள்.

"அசடே, திறக்காம என்ன உத்காடனம்? சீஃப் கெஸ்டை டிவி பாக்கவா கூப்பிட்டிருக்கேன்? ஒரு நிமிஷம் திறந்து மூடிடலாம், கேட்டியா?" என்றார் இயக்குநர்.

வெள்ளிக்கிழமை. நாதஸ்வரம் தயார், குத்துவிளக்கு தயார். சிறப்பு விருந்தினர் மட்டும் கழக்கூட்டத்து டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். நிர்வாக அதிகாரி அழகியநம்பி கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார்.

"சாரே, பத்தரைக்கு ராகுகாலமாக்கும். பொறவு பன்னெண்டு வரைக்கும் ஒண்ணும் தொறக்கப்பிடாது."

தலைமைப் பண்பு என்பது இத்தகைய நெருக்கடியில்தான் ஒளிரும். இயக்குநர் தாமே கதவைத் திறந்து வைத்தார். மேளம் கொட்டியது. ராஜஸ்ரீ ஓடிப்போய் மூடப் பார்த்தாள்.

"ஐயோ, தொடாதே! திறந்ததை உடனே மூடினா அபசகுனம். மூடிட்டா, கெஸ்ட் வந்ததும் ராகுகாலத்துல திறக்கணுமே!" என்று தடுத்தார் இயக்குநர்.

எனவே கதவு திறந்தே நின்றது. காவலுக்கு ஆள் போடப்பட்டது. இடைப்பட்ட நேரத்தை வீணாக்காமல் இயக்குநர் பெட்டிக்குள் தலையை விட்டு, பல கோணங்களில் புகைப்படத்துக்கு ஒத்துழைத்தார். விருந்தினர் வந்து, வியந்து, சாப்பிட்டுப் போனார். அதற்குப் பிறகே ராஜஸ்ரீ திரையைப் பார்த்தாள். ஒரு செல்கூட அசையவில்லை. அழுகையும் ஆத்திரமுமாகப் பெட்டிக் கதவை அறைந்து மூடினாள்.

மறுவாரம் மதிப்பீட்டுக் குழு கூடியது. கருவி தானாகப் பதிவு செய்திருந்த படம் ஓடியது. செல்கள் நகர்ந்தன, நீண்டன, இரண்டாகப் பிரிந்தன. திடீரென்று படம் முழுக்க ஒரு கருநிழல் கவிந்தது. அது விலகியபோது செல்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு அசைவற்றுப் போய்க்கொண்டிருந்தன.

"நிறுத்து, நிறுத்து!" இயக்குநர் எழுந்தேவிட்டார். "அந்த நிழல் நான்தான்! என் தலையாக்கும் அது! இத்தனூண்டு கருவி, என்னைக்கூட விட்டுவைக்கலை பாருங்கோ!"

பலத்த கைதட்டல். குழுத் தலைவி நாகலக்ஷ்மி ராஜஸ்ரீ பக்கம் திரும்பினார்.

"கருவி பிரமாதம்மா. ஆனா செல்லெல்லாம் செத்துப்போயிருக்கே, காரணம் கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிக்க அவசியமில்லை மேடம்," என்றாள் ராஜஸ்ரீ. "சார் இப்பத்தான் ஒத்துண்டார்."