குதிரை விற்பனைக்கு, எரிபொருள் கொள்ளு

அண்ணமார் சாமி துணை

நாமக்கல்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை நந்தகுமார் அவர்களுக்கு, மாமனார் கருப்பண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தோட்டமும் நலம். உங்கள் குதிரை டெய்சி எங்களை விடவும் நலம். அங்கு நீங்களும், மகள் கலைமணியும், போன மாதம் உங்களிடம் வந்து சேர்ந்த உங்கள் அத்தையும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சௌகரியமாக இருக்கச் சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் பேசாமல் இந்த மனுசன் எதற்குக் காகிதத்தில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறார் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் என் குரல் ஏறிவிடுகிறது. மாப்பிள்ளையிடம் மாமனார் குரல் ஏறக்கூடாது. காகிதத்தில் எழுதினால் மரியாதை கொஞ்சம் நிற்கிறது.

தலைப் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது நமக்குள் முறை. நீங்கள் ஜெர்மனிக்குப் போய்விட்டதால் அம்மா வீட்டையே அங்கே அனுப்பவேண்டியதாகிவிட்டது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டீர்கள், விசா எடுத்தீர்கள், எல்லாம் பெருமைதான். ஆனால் இரண்டு வருசத்துக்கு முன்னால் அந்தியூர்ச் சந்தையில் ஆசைப்பட்டு ஒரு குதிரையை வாங்கி, "ரெண்டே மாசம் பாத்துக்குங்க மாமா" என்று என் தென்னந்தோப்பில் கட்டிவிட்டுப் பறந்தீர்களே, அதை யாரிடம் விட்டுவிட்டு நான் விமானம் ஏறுவது? பண்ணையாள் ரங்கனைக் கேட்டேன். "மாடுன்னாப் பாப்பனுங்க, எருமைன்னாலும் பாப்பனுங்க, இதுகூட மல்லுக்கட்ட நம்மால ஆகாதுங்க" என்று தோளைத் தடவிக் காட்டினான். அங்கேதான் கடித்து வைத்திருக்கிறது. பால்காரரின் மொபெட்டை அது உதைத்து வாய்க்காலில் தள்ளியதிலிருந்து அவர் ரோட்டிலேயே நின்று ஆரன் அடிக்கிறார். தீனி வைத்தால் என் கையால் மட்டும்தான் தின்னும். அதனால் உங்கள் அத்தை கருப்பட்டியும் பிரசவ மருந்துமாகத் தனியாகப் போனாள். நான் குதிரையை விற்றுவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்று கையாட்டிவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் கலைமணிக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். பேரப்பிள்ளை பிறக்கிறபோது நான் அந்த ஆசுபத்திரி வாசலில் நிற்கவேண்டும் மாப்பிள்ளை. வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை.

"நெட்ல போடுங்க மாமா, ரெண்டு நாள்ல போயிரும்" என்று சொன்னீர்கள். போட்டேன். நான் காலமெல்லாம் லாரி வாங்கி லாரி விற்றவன், எனக்குத் தெரிந்த வியாபாரம் அது ஒன்றுதான். அந்த விற்பனை ஆப்பைத் திறந்ததும் 'வாகனங்கள்' என்று இருந்தது, கை தானாக அங்கே போய் அமுக்கிவிட்டது. என்ன மாடல் என்று கேட்டது, பிறந்த வருசத்தைப் போட்டேன். எத்தனையாவது ஓனர் என்று கேட்டது, இரண்டாவது என்றேன். எரிபொருள் என்ன என்று கேட்டுவிட்டு டீசல், பெட்ரோல், கேஸ், மற்றவை என்று வரிசையாகக் காட்டியது. மற்றவை என்பதை அமுக்கி, 'கொள்ளு, பச்சைப்புல்' என்று எழுதினேன். பொய் எழுதக்கூடாது பாருங்கள். மறுநாள் காலையில் திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "ஏனுங்க, எஃப்.சி. எதுவரைக்கும் இருக்குதுங்க?" என்றார். இது குதிரைங்க என்றேன். "இருந்துட்டுப் போகட்டுமுங்க, பேப்பர் கிளியரா இருக்கோணுமுங்கல்ல?" என்றார். இன்சூரன்ஸ் கட்டவில்லை என்று தெரிந்ததும் ரொம்ப வருத்தப்பட்டு வைத்துவிட்டார்.

அப்புறம் ஒருவழியாக வளர்ப்புப் பிராணிகள் பக்கத்துக்கு மாற்றினேன். மற்றவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று அங்கே மேய்ந்தேன். மேய்ந்தேனா, தலை சுற்றிவிட்டது. ஒரு விளம்பரத்தில் 'சாதுவான குதிரை, இதுவரை ஒருவரை மட்டுமே கடித்துள்ளது, அவர் மீதும் தவறு உண்டு' என்று போட்டிருந்தது. இன்னொன்றில் 'அவசர விற்பனை, காரணம் மனைவி' என்று இருந்தது. ஒருவர் 'உயர்சாதிக் குதிரை' என்று போட்டுவிட்டுக் காங்கேயம் காளையின் படத்தை வைத்திருந்தார். அதைவிட மேலாக ஒருவர், 'குதிரை விற்பனைக்கு. குதிரை தற்சமயம் கைவசம் இல்லை' என்று எழுதியிருந்தார். அந்த மனுசனுக்கு அறுபது பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். கைவசம் குதிரை வைத்திருந்த எனக்கு ஒருவரும் இல்லை.

பிறகு வர ஆரம்பித்தார்கள் பாருங்கள், அட சாமி, ஏன் வந்தார்கள் என்று ஆகிவிட்டது. "இருக்குதா?" என்று ஒரு வார்த்தை வரும். இருக்குதுங்க என்று பதில் போடுவேன். அத்தோடு சரி, அந்த ஆள் இந்த உலகத்திலேயே இல்லை. எதற்கு இருக்கிறதா என்று கேட்டான், இருப்பது தெரிந்து அவனுக்கு என்ன நிம்மதி, ஒன்றும் புரிவதில்லை. ராசிபுரத்துக்காரர் ஒருவர் குதிரைக்குப் பதிலாக இரண்டு கிடாயும் ஓடாத ஃப்ரிட்ஜும் தருவதாகச் சொன்னார். போர்வெல் வண்டி வைத்திருக்கிறவர் ரிக்கில் பங்கு தருகிறேன் என்றார், வண்டி எங்கே என்றால் மத்தியப் பிரதேசத்தில் சேற்றில் நிற்கிறதாம். ராணுவ அதிகாரி என்று ஒருவர் இந்தியில் பேசி, குதிரையைப் பார்க்கவே வேண்டாம், கட்டம் கட்டமாக ஒரு படம் அனுப்புகிறேன், அதை ஸ்கேன் செய்தால் போதும் என்றார். எனக்கு ஸ்கேன் செய்யத் தெரியாததால் தப்பித்தேன். ஓமலூரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. ஆளுக்கு இரண்டு இளநீர் குடித்தார்கள், குதிரையோடு படம் பிடித்தார்கள், கட்டிலைப் போட்டுத் தூங்கினார்கள், நான் கோழி அடித்துப் போட்ட சோற்றைச் சாப்பிட்டார்கள். பொழுது சாயும்போது அந்த அம்மா, "பையன் நாய்க்குட்டியே போதுமுன்னு சொல்றானுங்க, வாரோமுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனது. நாய்க்குட்டி வாங்க எதற்கு மாப்பிள்ளை என் தோட்டத்துக்கு வரவேண்டும்?

லாரி வாங்க வருகிறவன் அடியில் குனிந்து பார்ப்பான், டயரை ஒரு உதை விடுவான், விலையைச் சொல்வான், எடுப்பான் இல்லாவிட்டால் போவான். குதிரை வாங்க வருகிறவனுக்கு அப்படி எல்லாம் இல்லை. அவனுக்கு என் வாழ்க்கை வரலாறு வேண்டும், குதிரையின் தாயார் யார் என்று வேண்டும், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும், ஓட்டத் தெரியாது என்பதால் நான் ஓட்டிக் காட்ட வேண்டும். அறுபத்தாறு வயதில் மூட்டு வலியோடு அதன் மேல் ஏறி இறங்குகிறேன். எனக்கு இதெல்லாம் தேவையா?

இதற்கிடையில் இன்னொரு கூத்து. விளம்பரத்தில் ஓனரும் நின்றால் நம்பிக்கை வரும் என்று நீங்கள் சொன்னீர்கள் அல்லவா, அதனால் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, போனைத் திருப்பி, என் முகம் தெரிகிற கேமராவில் படம் எடுத்துப் போட்டேன். அன்றைக்கே பிடித்தது சனி. குதிரை வாங்குகிறவர்கள் எல்லோரும் சுழி பார்க்கிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். டெய்சிக்குக் கழுத்தில் ஒரு சுழி இருக்கிறது. படத்தைப் பெரிது பண்ணிப் பார்த்துவிட்டு, இடப்பக்கக் கழுத்தில் சுழி இருந்தால் வைத்திருக்கிற குடும்பத்தின் தலைவனை மண்ணுக்குக் கொண்டுபோய்விடும் என்று ஒருவன் எழுதிப் போட்டான். அதன் பிறகு குதிரை வாங்க ஒருத்தனும் கூப்பிடவில்லை. ஆனால் போன் மட்டும் நிற்கவில்லை. அதுவரை குதிரை இருக்கிறதா என்று கேட்டவர்கள், நான் இருக்கிறேனா என்று கேட்க ஆரம்பித்தார்கள். பரமத்தியிலிருந்து முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர், "நெஞ்சு கிஞ்சு அடைக்குதுங்களா தம்பி? ஒரு இசிஜி எடுத்துருங்க" என்று அக்கறையாகச் சொன்னார். போய் எடுத்தேன். ஒன்றும் இல்லை என்றார்கள். அதைச் சொல்ல அவரைக் கூப்பிட்டால், "இன்னும் ஒரு மாசம் பாருங்க" என்கிறார்.

கடைசியில் வந்தார் ஒரு நல்ல மனுசன். ஓமலூர்ப் பக்கம் கலியாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஜெயபிரகாஷ். மற்றவர்கள் மாதிரி சளசளவென்று பேசவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு டெய்சியை ஒரு சுற்று சுற்றி வந்தார், பிடரி மயிரை ஒதுக்கிப் பார்த்தார், போனில் இருந்த படத்தைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார். "ஏனுங்க அண்ணா, போட்டோவுல உங்க பாக்கெட்டு வலப்பக்கமா இருக்குதுங்களே?" என்றார். அப்போதுதான் விளங்கியது, அந்தக் கேமரா கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாவற்றையும் புரட்டிக் காட்டியிருக்கிறது. டெய்சியின் சுழி நிசத்தில் வலப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கம் இருந்தால் என்னங்க என்று கேட்டேன், மறுபடி ஆசுபத்திரிக்கு ஓடவேண்டுமோ என்ற பயத்தில்தான் கேட்டேன். "கும்பிடுங்க, லட்சுமி சுழிங்க. ஊட்டுக்கு வந்த மகராசி" என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

பண்ணையாள் ரங்கன் பக்கத்தில் நின்றானா, அவ்வளவுதான். மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இப்போது வாங்குவதற்கு யாரும் வருவதில்லை, கும்பிடுவதற்கு வருகிறார்கள். மஞ்சள் பூசுகிறார்கள், பொட்டு வைக்கிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள். பரீட்சைக்குப் போகிற பெண் ஒன்று ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து சுழியில் ஒற்றிக்கொண்டு போகிறது. புது வீடு கட்டியவர் பசுமாட்டுக்குப் பதில் டெய்சியை முதலில் உள்ளே விடவேண்டும் என்று கெஞ்சி அழைத்துப் போனார். அது பூசைக்கு வைத்த பழத்தை எல்லாம் தின்றுவிட்டு ஹாலில் சாணம் போட்டது, அதையும் நல்ல சகுனம் என்று சொல்லிவிட்டார்கள். கடித்து வைத்த இடத்தை ரங்கன் இப்போது எல்லோருக்கும் பெருமையாகக் காட்டுகிறான். நான்தான் ஓய்ந்துபோய்விட்டேன் மாப்பிள்ளை, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை.

ஆனாலும் காரியம் முடிந்துவிட்டது. ஜெயபிரகாஷ் பேச்சு மாறாத ஆள். வெள்ளிக்கிழமை காலை வண்டி கொண்டுவருகிறார். நன்றாக வைத்துக்கொள்வார், கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து எனக்கு மறுபடி டிக்கெட் போட்டாயிற்று. பெட்டியில் துணிமணி எடுத்து வைத்துவிட்டேன். உங்கள் அத்தை கேட்ட சீரகச் சம்பா அரிசி, கலைமணிக்குப் பிடித்த எள்ளுருண்டை, பாப்பாவுக்குப் பழைய வேட்டியில் கிழித்து வெளுத்த துணி எல்லாம் ஆயிற்று. அந்தத் துணியை மட்டும் நானே துவைத்துக் காயப்போட்டேன், யாரையும் தொட விடவில்லை.

கலைமணியைப் பளுவான எதையும் தூக்க விடாதீர்கள். உங்கள் அப்பா அம்மாவை நேற்றுப் போய்ப் பார்த்து வந்தேன், சௌக்கியம். நீங்கள் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், அந்த நூறு வயசிலும் இனி ஒரு குதிரை வாங்காமல் இருக்க வேண்டும் என்று மனசார ஆசீர்வதிக்கிறேன்.

தங்கள் வருகைக்குக் காத்திருக்காமல் தானே வருகிற,
மாமனார் கருப்பண்ணன்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் கணக்கில் வைக்கவேண்டாம். இதைப் போட்டோ பிடிக்கப் போகிற நேரத்தில் உங்கள் அத்தை போன் பண்ணினாள். அவள் தங்கை ஜோதி சுழி விசயத்தை அங்கே ஒலிபரப்பிவிட்டாள். "ஏனுங்க, உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா? தலச்சன் புள்ளை பொறக்கற நேரத்துல ஊட்டு லட்சுமிய யாராச்சும் லாரி ஏத்துவாங்களா?" என்று ஒரே அழுகை. நான் வரவேண்டாமா என்று கேட்டேன். "நீங்க வந்து இங்க என்ன பண்ணப் போறீங்க? அது அங்க இருந்தாப் போதும்" என்றுவிட்டாள். சுழி கிழியெல்லாம் பொய் என்று கத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் கலைமணி போனை வாங்கி, "அப்பா, எனக்குப் பயமா இருக்குதுப்பா. நல்லபடியா முடியற வரைக்கும் அனுப்பாதீங்கப்பா" என்றாள். அவள் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லி வெகுகாலம் ஆயிற்று. சரி சாமி என்று சொல்லிவிட்டேன். ஜெயபிரகாஷைக் கூப்பிட்டுச் சொன்னேன், "நானா இருந்தாலும் குடுக்க மாட்டனுங்க அண்ணா" என்றார். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அரிசியும் எள்ளுருண்டையும் துணியும் கூரியரில் வருகிறது, துணியை வெயில் படுகிற இடத்தில் ஒருதரம் உதறிப் போடுங்கள். பிறந்ததும் எந்த நேரமானாலும் முதலில் எனக்குக் கூப்பிடுங்கள் மாப்பிள்ளை. குதிரைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.