இரண்டு மொழித் தலையாட்டி

கூட்டம் எங்கே நடந்தாலும் பின்வரிசையில், சுவரோடு சுவராக, தலையாட்டி என்றொரு பிறவி உட்கார்ந்திருக்கும். பார்த்திருப்பீர்கள். பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஓர் ஆட்டு, குரலை உயர்த்தும் இடத்தில் வேகமாக இன்னொன்று, கைதட்டலுக்கு முன்னால் நீளமாக ஒன்று. கருத்துக் கேட்டால்? "எனக்கென்ன தெரியும், நீங்க சொன்னாச் சரியாக்கும்." மற்ற ஊர்களில் இது ஒரு மொழியில்தான் ஆடும். தமிழும் மலையாளமும் கலந்த பாறசாலையில் இரண்டு மொழியிலும் ஆடும்.

நம் உமையம்மாள் இந்த இனத்தில் முதல் தரம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். அதனால் படித்தவர்கள் நாலு பேர் கூடினால் அவள் நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். கண் மட்டும் படுக்காது. யார் யாரை முறைக்கிறார், யார் தூங்குகிறார், எல்லாம் பார்ப்பாள். பார்த்து? தலையாட்டுவாள்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். ஊர் தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்று சந்தையில் மீன் வாங்கும்போதுகூடச் சண்டை. அந்தக் களேபரத்தின் நடுவே ஒரு நல்ல காரியமும் நடந்தது. வெற்றிலையும் புகையிலையும் போட்டுக் கன்னத்தில் புற்று வந்தவர்கள், பொழியூரிலிருந்தும் கோட்டுகாலிலிருந்தும் ரேடியம் வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போய், தங்க இடமில்லாமல் பாதியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். பிடியரிசி விற்ற பணத்தில் ஆசுபத்திரிப் பக்கத்தில் வீடு பிடித்தாயிற்று. பாயும் வாங்கியாயிற்று. மிச்சம், வாசலில் ஒரு பலகை.

அதற்காகக் கூடிய கூட்டத்தில் பிடியரிசிச் சங்கத் தலைவர் சொக்கநாத பிள்ளை எழுந்தார். "அரிசி தந்தது தமிழ்க் கையாக்கும். பலகையும் தமிழ்தான்!"

உமையம்மாள் தலையாட்டினாள்.

செயலாளர் மோகனன் நாயர் எழுந்தார். "வீடு நிக்கியது திருவனந்தபுரத்திலாக்கும், பிள்ளே. அங்க தமிழை ஆரு வாசிப்பா?"

அதுவும் நியாயம்தானே? ஆட்டினாள்.

இரண்டிலும் எழுதலாம் என்றார் ஒருவர். எது மேலே? அங்கே நின்றது. கட்சிகள் சரிபாதி. உமையம்மாளை இரு தரப்பும் தங்கள் ஆளாகச் சேர்த்துக்கொண்டன.

பக்கத்து வீட்டுக் குமாரி கன்னத்துப் புண்ணோடு காத்திருக்கிறாள், பலகை பிறகு ஆகட்டும் என்று சொல்ல, கிணற்றில் தண்ணீர் கோரும்போதெல்லாம் உமையம்மாள் ஒத்திகை பார்த்திருந்தாள். எழுந்தும் விட்டாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"காப்பி ஆறுது" என்றாள்.

பலகை முடிவாகும்வரை வீட்டைத் திறப்பதில்லை என்று தீர்மானம். அதற்கும் ஆட்டினாள்.

வீடு திரும்பியபோது வேலியோரம் குமாரி நின்றாள், முகத்தைத் துண்டால் மறைத்து. "எக்கா, எடம் உண்டுமா? நான் பெறப்படட்டா?"

சாயங்காலம் முழுக்க ஆடிய கழுத்து. நிற்குமா? ஆடியது.

விடிந்ததும் வேலிக்கு மேல் ஓர் ஆட்டுக்கயிறு வந்து விழுந்தது. "ஆட்டப் பாத்துக்கிடுங்க எக்கா, பஸ்ஸு வந்தாச்சு! நீங்க சொன்ன தைரியத்துல போறேன்."

நான் எங்கே சொன்னேன்? உண்மைதான். அவள் ஒன்றுமே சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்தபடி ஓடுவதற்குள் பஸ் போயிருந்தது.

அந்த ஆட்டோடு அப்படியே பிள்ளை வீட்டுக்குப் போனாள். நாயரும் அங்கே இருந்தார், பலகை விஷயமாக.

"தாக்கோலத் தாருங்க" என்று சாவிக்குக் கையை நீட்டினாள்.

"என்ன தாக்கோலு?"

"அந்த வீட்டுத் தாக்கோலு. குமாரி போயாச்சு. பூட்டின வாசல்ல புண்ணோட நிப்பா."

"ஆரு போகச் சொன்னது?"

"நாந்தான்" என்றாள். ஆடு இடையில் பிள்ளையின் வெள்ளை வேட்டியை மென்று பார்த்தது.

தர மாட்டேன் என்று முதலில் சொல்கிறவர் பெயர் சந்தைவரை நாறும். பிள்ளை நாயரைப் பார்த்தார். நாயர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு இருவரும், சேர்ந்தாற்போல, தலையாட்டினார்கள். அடுத்த பஸ்ஸில் சாவி போயிற்று. குமாரி பாயில் படுத்தாள்.

பலகை இன்னும் எழுதியாகவில்லை. அடுத்த கூட்டத்தில் உமையம்மாளைப் போய்ப் பாருங்கள்: அதே சுவர், அதே ஆட்டு. ஒரு நாள் பேசியதற்கே அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம்.

சரிதான், இப்படியும் ஒரு பிறவியா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் முதல் வரியிலிருந்து என்னோடு தலையாட்டிக்கொண்டே வந்தீர்களே, அந்தக் கழுத்தைக் கொஞ்சம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.